இருக்கலாம்

ஓவர்சியர் என்று பேர் வைத்தது யாரென்று நினைவில்லை.
பழைய பேப்பர்க் கட்டுகளின் மேல் ஏறி
ஒவ்வொன்றையும் மிதித்துப் பார்த்துவிட்டு
திருப்தியில்லாமல் இறங்குவாள்,
பதினான்கு வருஷமாக.

ஜெய்ஹிந்துபுரத்தில் எங்கள் கடை.
தராசில் கைவைக்காத ஆள் என்று
இருதயராஜுக்குத் தெருவில் ஒரு பேர் உண்டு.
சனிக்கிழமைதோறும் அந்தத் தட்டில் அவளை நிறுத்துகிறார்.
மூன்று கிலோ அறுநூறு.
மூன்று நூறு.
இரண்டு எண்ணூற்றைம்பது.
பில் புக்கில் அட்டை, அலுமினியம், பீர் பாட்டிலுக்குக் கீழே
பேரில்லாமல் ஒரு எடை.
விலைக் கட்டம் காலி.

தல்லாகுளம் மாட்டாஸ்பத்திரி வரிசையில்
எங்களுக்கு முன்னால் கழிச்சல் கண்ட வெள்ளாடு,
பின்னால் கொம்பு சீவிய காளை.
அதைப் பிடித்திருந்த பையன் கேட்டான்:
"கூடைக்குள்ள என்னக்கா, கோழியா?"
பூனை என்றேன். கிழடு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
மூக்கணாங்கயிற்றை இழுத்து
காளையின் மூச்சு கூடையில் படாமல்
திருப்பி நிறுத்திக்கொண்டான்.

டாக்டரம்மா உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார்.
வாயை முகர்ந்தார்.
முதுகுத் தோலைக் கிள்ளி விட்டார்:
நின்றது நின்றபடி நின்று
மெல்லத் தாழ்ந்தது.
"தண்ணி நிறைய குடிக்குதா? நிறைய போகுதா?"
மூன்று மூட்டை பேப்பர் நனைந்ததைச் சொன்னேன்.
"கிட்னியா இருக்கலாம்.
ரத்தம் பாத்தாத்தான் கிரியாட்டினின் தெரியும்."

இருதயராஜ் எழுந்து வெளியே போய்
டீக்கடையில் டீ குடிக்காமல் நின்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போன சொல் அது.
அவர் அக்கா அமலோற்பவம்
பெரியாஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள்
கையில் இரண்டு ஊசியோடு கிடந்த வருஷம்.
நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது.
பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுக் காவல் இருந்தவர் இவர்தான்.
குடத்தை மாடியறையில் வைத்துப் பூட்டினார்.
சித்திரை மாதம். அழகர் வந்திருந்தார்.
ஊரே நனைந்துகொண்டிருந்தது, முக்குக்கு முக்கு நீர்மோர்.
ஒரு ஐஸ் கட்டி மட்டும் வாயில் போடுடா என்றார் அக்கா.
"நாளைக்குத் தரேன்க்கா."

அதற்கு மேல் இதை அவர் சொன்னதில்லை.
இதுவே எனக்கு அக்கா சொன்னதுதான்.

பூனைக்கு விதி வேறாம்.
"குடிக்கட்டும். எவ்வளவு கேட்டாலும் வைங்க."
நான் வந்து சொன்னதும்
"எவ்வளவு கேட்டாலுமா?" என்றார்.
பஸ்ஸில் இன்னொரு தரம் கேட்டார்.
பெரியார் நிலையத்தில் இறங்கும்போது, யாரையோ கேட்பதுபோல, மறுபடியும்.

இப்போது வீட்டில் ஏழு கிண்ணம்.
நாலு நாளுக்கு ஒருமுறை வரும் கார்ப்பரேஷன் தண்ணீரில்
முதல் குடம் அவளுக்கு.
ராத்திரி காலண்டர் ஆணியில் பாட்டிலை மாட்டுகிறோம்.
வெந்நீரில் வைத்துக் கதகதப்பாக்கியது.
ஊசியை நான் போடுகிறேன்,
மீன் தலை திருடியவள் என்று இத்தனை வருஷம் அவளோடு பேசாதவர்
மடியில் வைத்து அமுக்கிக்கொள்கிறார்.
நூறு மில்லி இறங்கியதும்
தோளில் திமில் புடைக்கிறது.
அந்தக் கோலத்திலேயே எழுந்து
கட்டுகளை மிதிக்கப் போகிறாள்.
ஏற முடிவது இரண்டாவது கட்டு வரை.

ரத்த ரிசல்ட் தயார் என்று போன் வந்து பதினோரு நாள்.
போகணும் என்கிறேன்.
போகலாம் என்கிறார்.
கடையைப் பூட்டிக் கிளம்பினால் அரை மணி நேரம்.

இன்று சனிக்கிழமை.
தட்டில் நிற்கப் பிடிக்காமல் வாலை அடித்தாள்.
சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன:
இரண்டு தொள்ளாயிரம்.
தட்டின் ஓரத்தில்
இருதயராஜின் கட்டைவிரல் இருந்தது.

பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.