வரியிடை

கஸ்தூரியார் வீதி, இரண்டாம் மாடி.
கரண்ட் போய் வந்ததில் சேமிக்காத பாதி அழிந்து
திரும்பத் தொடங்குகிறேன்:
அந்தியேட்டி அழைப்பு, ஒரு பக்கம்,
விடிய முன்னம் அச்சுக்கு.

ஸ்காபரோவிலிருந்து மகன் குரல் அனுப்புகிறார்:
"எல்லாத்தையும் தடிப்பாப் போடுங்கோ, தங்கச்சி.
அம்மாவின்ர பேருக்கு நிழலும் குடுங்கோ.
சுத்திவர ரோசாப்பூ."

நான் எழுத்துருப் படிக்கத் தொடங்கி மூன்று கிழமை.
எல்லாரும் கத்தினால் ஆர் கேட்கிறது
என்பதோடு நிற்கிறது என் படிப்பு.
மிச்சத்தைத் திரை காட்டுகிறது:
மூத்ததம்பி
மீனாம்பிகை.
மேலே 'மூ'வின் வால் இறங்கி
கீழே 'மீ'யின் கொண்டையில் இடிக்கிறது.
ஐம்பது வருசம் ஒரு வீட்டில் இருந்தவர்கள்தான்,
என்றாலும்.

வரியிடையை இரண்டு புள்ளி கூட்டினேன்.
போதவில்லை. இன்னும் மூன்று.
ரோசாப்பூவுக்கு இடமில்லாமல் போயிற்று,
நான் தேடிப்போய் அழிக்கவில்லை.
நிழலை மட்டும் வேண்டுமென்றே எடுத்தேன்.
தடிப்பு, அவவின் பெயருக்கு மாத்திரம்.
திகதியும் வீடும் மெல்லிய எழுத்தில்,
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருபவர்கள் மாதிரி.

அனுப்பினேன். இரண்டு நீலச் சரி.
கோயில் மணியொன்று அடித்து ஓய்கிறது.
"பூ எங்க?"

பிறகு கனநேரம் ஒன்றுமில்லை.

"சரி, விடுங்கோ.
அம்மா பஸ்ஸிலயும் யன்னல் கரைதான் தேடுறவ."

கணினியை மூடப்போகையில் கண்ணில் படுகிறது
விலாசம்: கோண்டாவில் கிழகு.
பழைய பாமினிக் கோப்பை மாற்றியதில்
ஒரு 'க்' உதிர்ந்திருக்கிறது.

திரும்ப இருக்கிறேன்.