இரவல் தராசு

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,
என் பெயர் மைட்டே உருட்டியா.
எல்கோவுக்கு வடக்கே நானூறு ஆடுகள்.
கயோட்டி மேல் எனக்குக் காதல் ஒன்றுமில்லை.
போன வசந்தத்தில் பதினோரு குட்டிகள் போயின;
தொண்டையைப் பார்த்தாலே தெரியும், யார் வேலையென்று.
நானும் சுட்டிருக்கிறேன். மறைக்கவில்லை.

ஜனவரியில் பெட்ரோல் பங்க்காரர்
கம்பளி நிறுக்கும் என் தராசை இரவல் கேட்டார்.
எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன்.

மாலையில் போனேன்.
சுடும் போட்டி முடிந்திருந்தது.
லாரித் தட்டுகளில் விறைத்த உடல்கள்,
ஒவ்வொன்றாக என் கொக்கியில்.
அதிக எடைக்கு ஒரு பெல்ட்.
மிகச் சிறியதற்கும் ஒரு பரிசு.
மிகச் சிறியதற்கும், ஐயா.

கைதட்டினார்கள். என் பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான்,
கெட்டவர்கள் இல்லை.
ஒருவர் சூடாகக் காபி கொடுத்தார். குடித்தேன்.

வயிற்றுக்காக அது கொல்கிறது,
ஆட்டுக்காக நான் கொல்கிறேன்.
எங்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.
அந்தக் கணக்கில் பெல்ட் கிடையாது.

தராசை வெந்நீரில் இரண்டு முறை கழுவினேன்.
இந்த ஆண்டுக் கம்பளியை
அடுத்த ஊரில் எடை போட்டேன்.

சிவப்பு விளக்கு தெரிகிறது. முடிக்கிறேன்.
வரும் ஜனவரியிலும் கேட்டு வருவார்கள்.
முடியாது என்பேன்.
ஊரில் வேறு தராசுகள் இருக்கின்றன.
அதற்குத்தான் சட்டம் கேட்கிறேன்.