பதினோராவது கட்டம்

வடமுனையைத் தாண்டி
ஜீப் நின்றுபோன இடத்திலிருந்து ஒன்றரை மணி நடை.
உலுவிந்தையும் வீரையும் நெருங்கி நிற்கிற,
மேடு பள்ளம் இல்லாத காடு.
நல்லரெட்ணம் அலவாங்கைத் தோளிலிருந்து இறக்கி
ஒரே ஒரு தரம் குத்தினார்.
பிறகு காதைச் சாய்த்தார்.

"இது திறக்காத மண், மிஸ்."

படிவத்தின் பதினோராவது கட்டம் கேட்பது அதைத்தான்:
இடையூறு, உண்டா இல்லையா.
பத்து வருடமாக இந்த மாவட்டத்தில் குழி பார்க்கிறேன்.
"இல்லை" என்று எழுத வாய்த்ததில்லை.
சேனை எரித்த சாம்பல் கோடு,
புல்டோசர் புரட்டிய செங்கிறவல்,
ஒருமுறை உன்னிச்சைப் பக்கம், முழ ஆழத்தில்,
சாக்கு நூலும் ஊதிப்போன பற்றரியும்.

முதலில் சருகு.
இந்த வருடத்து வீரை இலை இன்னும் இலையாகவே;
அதன் கீழே போன வருடம், நரம்பு மட்டும்;
அதற்கும் கீழே
இலையா மண்ணா என்று கேட்கக் கூடாத ஒன்று,
வெள்ளைப் பூஞ்சண நூலால் தைத்தபடி.
அள்ளினால் பாரமே இல்லை.

பிறகு கறுப்பு, ஒரு சாண்.
குரக்கன் பிட்டுப்போல் உதிர்கிறது.
நிற அட்டைப் புத்தகத்தை
வெயில் விழுகிற ஓட்டைக்கு நேரே பிடித்தேன்:
பத்து வை.ஆர்., மூன்று, இரண்டு.
நல்லரெட்ணத்துக்கு அது
"கருவாட்டுச் சட்டிட அடி".
இரண்டையும் எழுதினேன்.

கறுப்பின் கீழ் வெளிறல், நாலு விரல்,
மாரித் தண்ணீர் கழுவிக் கழுவிக் களைத்த இடம்.
கழுவியதெல்லாம் கீழே போய்ச் செம்பழுப்பில் இறுகியிருக்கிறது.
ஒரு வேர் அங்கே நுழையத் தயங்கி,
பக்கவாட்டில் ஒரு முழம் அலைந்து,
செத்த வேரொன்றின் வெறுங்குழாயைக் கண்டு
அதற்குள் இறங்கிவிட்டது.

ஒன்றரை மீட்டரில் மண்வெட்டி சறுக்கியது.
நீலம் கலந்த சாம்பல் களி.
கத்தியால் சீவினால் கோடு கோடாய்.
வில்லு.
எப்போதோ இங்கே தண்ணீர் நின்றிருக்கிறது.

பேராதனையில் படித்த பாடத்தில் இப்படிக் கோடுகள்
பனியாறு விட்டுப்போன ஏரியின் அடியில் வரும்.
எங்களுக்குப் பனி என்பது மார்கழிப் புல்லில்
காலை ஏழு மணிவரை.
இது மாரி வந்து போன கணக்கு:
வெள்ளம் கொண்டுவந்த பொடிமணல் ஒரு கோடு,
கோடையில் அசையாத நீரில் இறங்கிய களி ஒரு கோடு.
ஒரு சாணுக்குள் பத்தொன்பது சோடி எண்ணினேன்.
ஒன்று மட்டும் விரல் தடிப்பு.
எந்த ஆண்டின் எந்தப் புயலோ,
பெயர் வைக்க அன்று கரையில் ஆளில்லை.

"குத்தின உடனே எப்பிடித் தெரிஞ்சது?"
நல்லரெட்ணம் குழிக்குள் நின்றபடி வெற்றிலை மடித்தார்.
கிணறு வெட்டியிருக்கிறார், மலசலகூடம், பங்கர்,
ரெண்டு பக்கத்துக்கும் வெட்டினது என்று சிரித்தார்.
பிறகு சிரிக்காமல், "வேறயும்."
"ஒருக்காத் திறந்த மண்ணுக்குத் தொண்டை அடைச்சிரும் மிஸ்.
எத்தினை வருசம் போனாலும்
டொப்பெண்டுதான் கேக்கும்."

நான் மேலே கேட்கவில்லை.
மடித்த வெற்றிலை அவர் கையிலேயே இருந்தது.

நாலு தறப்பாளில் நாலு மண்.
மூடும்போது அடியில் வந்தது அடிக்கு.
சருகை மட்டும் கைகளால் பரப்பினார்,
பாய் விரிக்கிற மாதிரி.
குழிக்குள் நாங்கள் எதையும் வைக்கவில்லை,
எடுத்ததோ ஆறு பை.
அப்படியும் மண் மிஞ்சி மேடு தட்டி நின்றது.
"இறங்கும்," என்றார், மிதிக்காமல் சுற்றி வந்து.
"ரெண்டு மாரி போனா இறங்கும்.
பிறகு பள்ளம்தான். எனக்குத் தெரியும்."

ஜீப்பில் படிவத்தை மடியில் வைத்தேன்.
பதினோராவது கட்டத்தில் "இல்லை" என்று
காலையிலேயே, ஆசையில், எழுதியிருந்தேன்.
அதை வெட்டவில்லை.
பக்கத்தில் சின்னதாய்ச் சேர்த்தேன்:
இன்று காலை ஒன்பதே கால் வரை.