மிதிபலகை

என் முதல் ஆய்வு முன்மொழிவில்
பத்து மீற்றர் நடை இருந்தது.
வார்ட்டுக்கு வெளியே சிவப்புச் சீமெந்துத் தரையில்
வெள்ளை டேப் ஒட்டிய இரண்டு கோடுகள்.
இதிலிருந்து அதுவரை எத்தனை செக்கன்?
உலகமெங்கும் கேட்ட கேள்வி.
பதிலும் உலகமெங்கும் இருந்தது.

மிஸ்ரியா பதினான்கு செக்கனில் நடந்தார்.
வலப்பக்கம் பாரிசவாதம், ஐந்தாம் மாதம்,
கணுக்காலில் பிளாஸ்டிக் பட்டை.
"நன்று" என்று எழுதினேன்.
அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை.
அதற்கடுத்ததற்கும்.

தொலைபேசியில் சொன்னார்:
"நடக்க ஏலும் டொக்டர். பஸ்ஸில ஏறத்தான் ஏலாது.
கால் தூக்க முந்தி கதவில தட்டி
'ஹரி யங்' எண்டு கத்திருவான்.
கொம்பனித்தெருவில இருந்து த்ரீவீல்ல
ஒவ்வொரு கிழமையும் வர நான் யாரு, மினிஸ்டரா?"

அன்றிரவு கட்டுரைகளில் படிகளைத் தேடினேன்.
கிடைத்தன.
பதினேழு சென்டிமீற்றர், இருபுறமும் கைப்பிடி,
தூசியில்லாத, அவசரமில்லாத படிகள்.
உறுமிக்கொண்டே நகரத் தொடங்கும் படி
எதிலும் இல்லை.

ஞாயிறு, நானும் துலாஞ்சனும்
தையற்காரர் டேப்போடு புறக்கோட்டைக்குப் போனோம்.
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.
நாற்பத்தாறு (சில்லுக்குக் கீழே பள்ளம்).
குனிந்து அளந்த எங்களிடம்
"பஸ் வாங்கப் போறீங்களா" என்று
சிங்களத்தில் கேட்டார் ஒரு நடத்துனர்.
விளக்கினோம். சிரித்தார்.
பிறகு காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
ஒரு நீளத் தழும்பைக் காட்டி
"இதையும் எழுது" என்றார்.
எழுதினேன்.
எந்த அட்டவணையில் சேர்ப்பதென்று இன்னும் தெரியவில்லை.

ஒழுக்கநெறிக் குழு எழுத்தில் கேட்டது:
பங்கேற்பாளர் யார், நோயாளியா, பேருந்தா?
நான்காம் கேள்வி:
இதில் புதுமை என்ன?
ஐந்து வரிகளுக்கு மிகாமல்.

அந்த ஒரு சொல்லோடு மூன்று இரவு இருந்தேன்.
விடுதி மேல்மாடியில், பிளேன்டீ ஆற ஆற,
ஒருவர் எழுதியதை ஒருவர் கிழித்துக்கொண்டிருப்போம்.
சத்துரிகாவின் ஆய்வு இயந்திரக் கை.
அதன் மோட்டார் மட்டும் வந்திருந்தது,
கை இன்னும் சுங்கத்தில்.
"உன் கேள்வி சின்னது" என்றாள்.
"நாற்பத்தொரு சென்டிமீற்றர்" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மருந்துப் பெட்டிப் பலகைகளை அடுக்கி
ஆணி அறைந்துகொண்டிருந்தாள்.
அடியில் அந்த மோட்டார்.
ஆளியைப் போட்டதும் படி
மருதானைச் சந்தியில் நிற்கும் பஸ்போல
நடுங்கியது.

மிஸ்ரியா வந்தார்.
த்ரீவீல் காசு என் சம்பளத்தில்;
வரவுசெலவுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
படியைச் சுற்றிவந்து பார்த்தார்.
"கத்த ஆள் இல்லையே?"
துலாஞ்சன் இரும்பு அலுமாரியில் தட்டினான்.
"ஹரி யங்!"
பக்கத்து வார்ட்டிலிருந்து தாதி ஓடிவந்தார்.
கால் பாதியில் தொங்கியது. விழுந்தது.
நான் பிடித்தேன்.

ஒன்று: இல்லை. இரண்டு: இல்லை.
பதினொன்றாம் தடவை இடக்கை கம்பியைப் பற்ற,
முழு உடம்பும் ஒரு மூச்சாகி
மேலே நின்றார்,
நடுங்கும் பலகையில், முந்தானையைச் சரிசெய்தபடி.

நாங்கள் கைதட்டினோம்.
அவர் தட்டவில்லை. கீழே பார்த்தார்.

"சரி, இறங்கிறது எப்பிடி?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
சத்துரிகா மோட்டாரை நிறுத்தினாள்.
நான் படிவத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.