இடது பெட்டி

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டாது, தள்ளும்.
அன்றும் தள்ளியது.
வீடியோ பிளேயரை நெஞ்சோடு அணைத்தபடி
பக்கவாட்டில் நடந்து உள்ளே வந்தான் நிபால்தோ,
என் மைத்துனன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.
சுங்கமில்லாக் கடை, பன்னிரண்டு தவணை,
முதல் தவணை மட்டும் அவனுடையது.

"படம் டிவிக்கு, சத்தம் உன் ஸ்டீரியோவுக்கு.
டிவி ஸ்பீக்கர் வெறும் தகரடப்பா."
என் ஸ்டீரியோவை நான் யாரையும் தொடவிடுவதில்லை.
அதைச் சொல்வதற்குள் முன்மூடியைக் கழற்றியிருந்தான்.
விளக்கப் புத்தகம் ஜப்பானிய மொழியில்.
அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தான்.

அலமாரியை இழுத்தோம்.
பின்னால் ஏழு வருஷத்துத் தூசி,
காணாமல் போயிருந்த டோமினோ காய்,
எல்சிராவின் காதணி, ஒற்றை.
டார்ச்சை நான் பல்லில் கடித்துக்கொள்ள
அவன் குப்புறப் படுத்து ஊர்ந்தான்.
மஞ்சள், படத்துக்கு.
சிவப்பு, வலது பெட்டிக்கு.
வெள்ளை
கைநழுவி, கட்டைவிரல் அதன் முனையில் பட்டது.
தூக்கம் கலைந்த நாய்போல
உர்ர்ர் என்றது இடது பெட்டி.
"உயிர் இருக்கிறது" என்றான் இருட்டுக்குள்ளிருந்து,
"வெறும் உடம்பு பட்டாலே பேசும்."

திரையில் நீலம்.
மறுபடி நீலம்.
சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிப் பார்த்தோம்,
கெட்ட வார்த்தைகளையும் மாற்றிப் பார்த்தோம்.
சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்த எல்சிரா
ரிமோட்டில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போனாள்.
நீலம் விலகி
எங்கள் கல்யாணம்.

பக்கத்து வீட்டில், அத்தை மிலென்கா வீட்டில்
எத்தனையோ தடவை பார்த்ததுதான்.
தகரடப்பாவில் ஒரே இரைச்சலாய் இருந்தது
இப்போது பிரிந்து வந்தது:
வலதில் அத்தையின் சிரிப்பு, கரண்டி விழும் ஓசை,
இடதில் அக்கார்டியன்,
அக்கார்டியனுக்கும் முன்னால்
மிக அருகில்
ஒரு மூச்சு.

அவன் அந்தப் படத்தில் எங்கும் இல்லை.
பிடித்தவன் எப்படி இருப்பான்?
வாடகைக் கேமராவை வலது கண்ணில் அழுத்தி
மூக்கை இடது மைக்குக்குக் கொடுத்திருக்கிறான்.
"நான் அழவில்லை, காற்றில் கண் கலங்கியது" என்று
ஒன்பது வருஷமாய்ச் சாதித்தவன்.

நானும் எல்சிராவும் முத்தமிடும் இடத்தில்
இடது பெட்டி மூக்கை உறிஞ்சியது.
ஒரு விக்கல். கைக்குட்டை தேடும் சரசரப்பு.
தேவாலயம் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது.
அந்தச் சாய்வைக்
கேமராவின் கோளாறு என்றே நினைத்திருந்தோம்.

எல்சிரா கதவருகே நின்றிருந்தாள்,
கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் டோமினோ காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
நிபால்தோ எழுந்தான், அலமாரிக்குப் பின்னே கைவிட்டான்,
வீடியோவிலிருந்து வெள்ளையைப் பிடுங்கினான்.
அக்கார்டியனும் சேர்ந்து போனது.
திரையில் நாங்கள்
கரண்டிச் சத்தத்துக்கு ஆடினோம்.

"செருகு" என்றாள் எல்சிரா.
"வயர் சரியில்லை" என்றான்,
வயரைப் பின்னால் ஒளித்தபடி.
சொல்லும்போதே
கட்டைவிரல் பட்டிருக்க வேண்டும்,
அறை முழுக்க
உர்ர்ர்.