குலுக்கலில் கொட்டியது

உணவுப் பெட்டியின் சிலேட்டில்
இருப்பது என் கையெழுத்து.
கோழியும் சோறும் பன்னிரண்டாயிரம் ஷில்லிங்.
மீன் பதினெட்டாயிரம்.
மீன் இல்லை,
ஆனாலும் அழிக்கக் கூடாதென்று உத்தரவு.

தார் எஸ் சலாமில் ஏறும்போது
கோழிக்குத் தொடை இருந்தது.
இரண்டாம் நாள் கால்தான் வருகிறது,
தண்டவாளத்தில் நடந்தே வந்ததுபோல் மெலிந்து.
குளிர்பெட்டி ம்லிம்பாவுக்கு முன்பே செத்துவிட்டது.
சோற்றில் கல்.
"இந்தக் காசுக்கு மக்கம்பாக்கோவில்
சன்னல் வழியாகவே ஒரு குடும்பம் தின்னலாம்"
என்கிறார்கள்.
தின்னலாம்தான்.
நானே அங்கேதான் வாங்கினேன்,
பொரித்த வாழைக்காய், முட்டை இரண்டு,
சீருடைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு.

டுண்டுமாவில் வண்டி நின்றது.
எல்லை.
எஞ்சின் மாற வேண்டும், முத்திரை குத்த வேண்டும்,
யாரோ யாருக்கோ போன் செய்ய வேண்டும்.
இங்கேதான் சிலேட்டைத் துடைப்பேன்.
பன்னிரண்டாயிரம் போய் நூற்று முப்பது குவாச்சா;
சைபர் குறையும், விலை குறையாது.
உகாலி இன்ஷிமா ஆகும்.
அதே பானை, அதே அகப்பை, அதே மக்காச்சோளக் களி,
கிண்டுவது அதே கசொண்டே.
கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவோம்.
வயிற்றைத் தள்ள முடியாது.

துடைத்தேன். எழுதவில்லை.
நிலைய அதிகாரி வந்து சொல்லும்வரை
பழைய காசும் வாங்கக் கூடாது,
புதிய காசும் வாங்கக் கூடாது.
நான்கு மணி நேரம்
வெறும் கறுப்புப் பலகை.

அப்போதுதான் நமுகொண்டா வந்தாள்,
மூன்றாம் வகுப்பிலிருந்து, மகனைக் கையில் பிடித்து.
மாற்றித் தருகிறேனென்று
அவள் ஷில்லிங்கை எல்லாம் வாங்கிப் போன
பச்சைத் தொப்பிக்காரன்
வருவான் என்றுதான் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாள்.
"இப்போது என்ன விலை?"
கெஞ்சவில்லை. கடன் கேட்கவில்லை.
சிலேட்டைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நான் கசொண்டேயைப் பார்த்தேன்.
அவர் பானையைப் பார்த்தார்.
"பலகையில் என்ன போட்டிருக்கிறதோ
அதை வாங்கிக்கொள்" என்றார்.

இரண்டு தட்டு.
பையன் கல்லைத் துப்பினான்.
கோழி ரப்பர் மாதிரி இருக்கிறதென்று
அம்மா காதில் சொன்னான், எனக்கும் கேட்கும்படி.
பிறகு தட்டை நீட்டினான், இன்னொரு முறை.

பதிவேட்டில் எழுதினேன்:
குலுக்கலில் கொட்டியது. தட்டு மூன்று. மாலை ஐந்து மணி.

கபிரி ம்போஷியில் கணக்கர்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஐந்து மணிக்கு வண்டி எல்லையில் நின்றிருக்கிறது.
நின்ற வண்டி எப்படியப்பா குலுங்கும்?"

"எந்த ஐந்து மணி ஐயா?" என்றேன்.
"அந்தப் பக்கத்து ஐந்தா, இந்தப் பக்கத்து ஐந்தா?"

கொஞ்ச நேரம் யோசித்தார், நியாயமாகத்தான்.
விரலால் எண்ணிக்கூடப் பார்த்தார்.
பிறகு, கொட்டியது இன்னதென்று
நீ எழுதவில்லையே என்றார்.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்,
மூன்று தட்டுக்கும்
மீன் விலை.