பேராவூரணி விலாசம்

டிஷ் பூட்ட வந்த கபிலதாஸிடம் இவர் கேட்டார்:
"இந்தியா வடக்கையெல்லோ தம்பி,
நீர் என்ன, தெற்கை திருப்புறீர்?"
வாயில் ஆணியைக் கவ்வியபடி
அவன் மேலே கை காட்டினான்.
கொழும்புப் பக்கமாய், அரைவாசி மல்லாந்து,
எங்கள் கூரையில் கிடந்தபடி
தமிழ்நாட்டைக் கொண்டுவருகிறது அது.

காட் எங்கள் பேரில் இல்லை.
இலங்கை விலாசத்துக்குத் தரமாட்டார்களாம்.
மா. சின்னக்கண்ணு,
பழைய தபால் நிலையத் தெரு, பேராவூரணி.
அவர் பேரில்தான் இணுவிலில் படம் தெரிகிறது.
மாதம் முடிய, மருதனார்மடத்துக் கடையில் காசு கட்டினால்
அங்கே யாரோ யாருக்கோ கட்டுவார்கள்.
எப்படியென்று நாங்கள் கேட்பதில்லை.

ஆறு வருசம்.
ஒன்பதாம் வார்டுக்குத் தண்ணி லொறி வராத கதை,
பஸ் நிலையத்தில் மாடு படுக்கிற கதை,
கொப்பரை விலை,
எந்த ஊருக்கு எந்தக் கிழமை மின்தடை,
எல்லாம் எனக்குத் தெரியும்.
ஒரு திங்கள் இரவு,
பேராவூரணியில் நாளைக்குக் கரண்ட் இல்லையென்று எழுத்து ஓட,
எழும்பிப் போய் போனைச் சார்ஜில் போட்டேன்.
இவர் சிரித்த சிரிப்பில்
தேத்தண்ணி மூக்கால் வந்தது.
எங்கள் பிரதேச சபைத் தவிசாளரின் பேரைக் கேட்டால்
யோசித்துத்தான் சொல்லவேணும்.

வருசத்தில் ஒருநாள் திரையில் பலூன் ஏறும்:
'அன்புள்ள சின்னக்கண்ணு, பிறந்தநாள் வாழ்த்துக்கள்.'
ஆளைக் கண்டதில்லை.
கறுப்போ சிவப்போ, இருக்கிறாரோ இல்லையோ.
மகள் ஒருமுறை அவருக்காகத்
திரையைப் பார்த்து 'தாங்ஸ்' சொன்னாள்.

கார்த்திகையில் அந்தப் புயல் கிளம்பினபோது
நாலு நாளும் அதைத்தான் பார்த்தோம்.
நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி,
குடை பிடித்த ஒரு நிருபர்.
படத்தின் கீழ் மூலையில்
இலங்கையின் தலை கொஞ்சம் தெரிந்தது.
அதன் மேலால்தான் தங்கம் விலை ஓடியது.
சவரனுக்கு நூற்றிருபது குறைவு
என்ற எழுத்துக்குக் கீழே எங்கேயோ
நான் உலை வைத்திருந்தேன்.

பிறகு அந்த மஞ்சள் சேலைப் பிள்ளை
நல்ல சிரிப்போடு சொன்னாள்:
புயல் திசை மாறிவிட்டது,
தமிழகத்துக்கு ஆபத்தில்லை.

"அப்பாடா" என்றார் இவர்.
சொன்ன வாய் மூடவில்லை,
யோகராணி அக்கா வீட்டுத் தகரம்
எங்கள் மதிலுக்கு மேலால் போனது.
படம் கட்டம் கட்டமாய் உடைந்தது.
அவளின் சிரிப்பில் பாதி அப்படியே நின்றது.
பிறகு நீலம்:
'சிக்னல் கிடைக்கவில்லை.'

ஆறு வருசத்தில் அந்தப் பெட்டி
எங்களூரைப் பற்றிச் சொன்ன ஒரே செய்தி.

ஐந்தாம் நாள் கரண்ட் வந்தது.
கபிலதாஸ் வந்து, வளைந்த தண்டை நிமிர்த்தி,
திரும்பவும் தெற்கே திருப்பினான்.
முதலில் எழுத்துத்தான் வந்தது:
'சின்னக்கண்ணு அவர்களே,
உங்கள் கணக்கு இன்றுடன் முடிகிறது.'
விழுந்த வேம்பைத் தாண்டிக் கொண்டு
மருதனார்மடத்துக்கு வெளிக்கிட்டார் இவர்,
கடை திறந்திருக்கோ தெரியாது என்றபடி.